துணையோடு வரவும்

செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் எவனோ ஒருவன் கொரின் வீட்டுப் பின்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்த மகள் ஜூனி, துணி அலமாரிக்குள் புகுந்து நாற்பது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவன் டிவியையும், கொரினின் குளிர்காலக் கோட்டையும் தூக்கிக்கொண்டு நிதானமாகக் கிளம்பினான். இதெல்லாம் போன வார அத்தியாயத்திலேயே பார்த்தோம்.

இன்று சனிக்கிழமை. அவன் இன்னும் பிடிபடவில்லை. ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞன் காலணி அடையாளத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு, "நல்ல கதவா போட்டுக்குங்க" என்று இலவச ஆலோசனை சொல்லிவிட்டுப் போனதோடு சரி. உடைந்த கதவில் ஒரு பலகையை அடித்து வைத்திருந்தாள் கொரின். காற்று அடிக்கும்போதெல்லாம் அது படபடத்தது. ஒவ்வொரு முறையும் சமையலறையில் இருந்த மூன்று பெண்களும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று பேர் என்றால், கொரின், ஜூனி, அத்தை வெர்னா. கொரினுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கணவன் பிரிந்து போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பதினொரு வயதில் அப்பா எமெட் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அதற்கும் முன்பே வீட்டை விட்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். அப்பாவின் அக்கா வெர்னாதான் கொரினைக் கூட்டிக்கொண்டு பழைய ஊரை விட்டே கிளம்பி வந்து, இந்த ஊரில் வளர்த்து ஆளாக்கினாள். அவளைக் கொரினும் அத்தை என்பாள், ஜூனியும் அத்தை என்பாள். ஒரே வார்த்தையை இரண்டு தலைமுறையும் பங்கு போட்டுக்கொண்ட வீடு அது.

முப்பத்துநாலு வயதில் அப்பாவுக்கு வந்த அந்த மாரடைப்பு இந்த வீட்டில் நான்காவது ஆளாகவே குடியிருந்தது. சாப்பாட்டில் உப்பு கிடையாது. வறுத்த பன்றிக்கறி கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை கொரின் இசிஜி எடுத்துக்கொள்வாள். பள்ளிப் படிவத்தில் 'குடும்பத்தில் இதயக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்ததால் ஜூனியை ஓட்டப் பந்தயக் குழுவில் சேர்க்கவில்லை.

"நானூறு டாலருக்குள்ள முடிச்சிடுவேன். சின்னதா ஒரு கைத்துப்பாக்கி" என்றாள் கொரின், உப்பில்லாத முட்டையைக் கிளறிக்கொண்டே.

"அந்தக் காசுக்குக் கதவு வரும்" என்றாள் வெர்னா.

"கதவு இருந்துச்சுல்ல? பாத்துக்கிட்டுதானே இருந்துச்சு?"

ஜூனி சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்பு என்றால் சிரித்திருப்பாள். பதினைந்து வயதுப் பெண். கொஞ்ச நாளாக மதியம் வரை தூங்குகிறாள். போன வாரம் தான் வாசிக்கும் கிளாரினெட்டை ஒரு சிநேகிதிக்குச் சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். ஏனென்று கேட்டதற்கு, "அவளுக்குப் புடிக்கும்" என்றாள். வளர்கிற வயது என்று கொரின் விட்டுவிட்டாள். ஐம்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கின்றன.

"எந்தக் கடையில?" என்றாள் வெர்னா.

"பெல்டன் போற ரோட்டுல, ஹாலிஸ் கடை. டிப்போவுல என்கூட வேலை பாக்குற லெனோரா சொன்னா. பொம்பளைங்கன்னா தலையில கட்டப் பாக்காத ஒரே ஆளாம்."

வெர்னா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்க வேணாம்."

"ஏன்?"

"தூரம்."

"நாப்பது மைல் ஒரு தூரமா அத்தை? காலையில நான் ஓட்டுறதே அறுபது மைல்."

"வேணாம்னா வேணாம். வேற எங்கயாவது போ. இல்ல, போகவே போகாத."

 வெர்னா எழுந்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். கொரினுக்கு ஆத்திரம் வந்தது. நாற்பது நிமிடம் அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தது அவள் பெற்ற பெண். சாவியை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டாள்.

ஹாலிஸுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். கொரின் போய் நின்றதும் கடலையை ஒதுக்கினான்.

"முதல் துப்பாக்கியா?"

"நெத்தியில எழுதி ஒட்டிருக்கா?"

"பெட்டிய ரொம்ப மரியாதையா பாக்குறீங்க. பழகுனவங்க பேரம் பேசிக்கிட்டே வருவாங்க. எதுக்கு வேணும்?"

"வீட்டுப் பாதுகாப்புக்கு. அப்புறம் குறி பாத்துச் சுட்டுப் பழகணும். நானூறுக்கு மேல இல்ல."

அவன் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு குட்டி ரிவால்வரை எடுத்தான். சுழலும் அறையைத் திறந்து, காலியாக இருப்பதைத் தானும் பார்த்து அவளுக்கும் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தான். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றான்.

"அழகா இருக்கே! லேசா வேற இருக்கு."

"எல்லாக் கடையிலயும் பொம்பளைங்களுக்கு இதத்தான் நீட்டுவான். கை சின்னது, துப்பாக்கியும் சின்னதுன்னு ஒரு கணக்கு. லேசா இருக்கறதுதான் உதைக்கும். நாலு தடவ சுட்டா உள்ளங்கை கன்றிப் போயிடும். அப்புறம் பழகவே மாட்டீங்க. பழகாதவங்க வீட்டுல துப்பாக்கி இருந்து யாருக்கு என்ன லாபம்?"

அடுத்து ஒரு பிஸ்டல். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். கொரின் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதிவரை வந்து திரும்ப ஓடிவிட்டது. இழுக்காதீர்கள், இடது கையால் மேலே பிடித்துக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தான் ஹாலிஸ். வந்தது. ஆனாலும் பதற்றத்தில் இருக்கும்போது வருமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது பழையது. ஏதோ ஒரு ஊர்ப் போலீஸ்காரர் இடுப்பில் இருபது வருஷம் தொங்கி, குழலின் ஓரத்தில் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகியிருந்த ரிவால்வர். கனமாக இருந்தது. பிடி அவள் கைக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. முந்நூற்று நாற்பது டாலர்.

"பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு, பயிற்சிக்குத் தோட்டா ரெண்டு டப்பா. நானூத்துல முடிஞ்சிரும்" என்றான். "ஆனா சுட்டுப் பாக்காம வாங்காதீங்க. பின்னாடி சுடுற இடம் இருக்கு."

"சரி, இப்பவே பாத்துடலாம்."

"கூட யார் வந்திருக்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவன் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். தனியாக வருபவர்களுக்குத் துப்பாக்கி தர மாட்டோம், துணையோடு வரவும், வாக்குவாதம் வேண்டாம் என்று மூன்று வரி. எழுத்து வெளிறிப் போயிருந்தது.

"இது என்ன கூத்து? தினமும் அம்பது பிள்ளைங்கள என்னை நம்பி ஏத்தி விடுறாங்க. உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"வாக்குவாதம் வேணாம்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

"காரணமாவது சொல்லுங்க."

"இருவத்தஞ்சு வருஷமா அப்படித்தான்" என்றான் ஹாலிஸ். அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அவன் திரும்பக் கடலை உரிக்கத் தொடங்கிவிட்டான்.

வேறு வழியில்லாமல் கொரின் அத்தைக்குப் போன் செய்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. "அங்கயே இரு. எதையும் வாங்கிடாத. வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் வெர்னா.

ஒரு மணி நேரம் கழித்து வெர்னாவின் கார் வந்தது. கடை வாசலில் எவ்வளவோ இடம் காலியாகக் கிடந்தது. அவள் அங்கே நிறுத்தவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டயர்க் கடை முன்னால் நிறுத்திவிட்டு, கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து வந்தாள். அறுபத்தேழு வயதில் இது என்ன வீம்பு என்று கொரினுக்குத் தோன்றியது.

மணி ஒலிக்கக் கதவு திறந்தது. ஹாலிஸ் நிமிர்ந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"வெர்னா" என்றான்.

"ஹாலிஸ்" என்றாள் அவள்.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். "பழைய பழக்கம்" என்றாள் வெர்னா. "சுடணும்னியே, சுடு. சீக்கிரம் முடி."

சுடும் இடத்தில் இரண்டே இரண்டு பாதைகள். காதைக் கவசத்தால் மூடிக்கொண்டு, இரண்டாவது பாதையில் நின்று, ஹாலிஸ் சொன்னபடி காலை அகட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தினாள் கொரின். முதல் தோட்டா காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தது. மூன்றாவது உள்வட்டத்துக்குள் போனது. ஆறாவதும் அங்கேயே போனது. அவளையறியாமல் சிரிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. இந்தக் கைக்கு ஏதோ முடியும் என்று நான்கு நாள் கழித்துத் தோன்றியிருக்கிறது, பாவம்.

"பாத்தியா அத்தை?"

அத்தை பார்க்கவில்லை. பெயின்ட் அடித்த இடதுபக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"மூணாவது பாதை எங்க?" என்று கேட்டாள் வெர்னா.

"அடைச்சுட்டேன். அந்த வருஷமே. இப்போ அதுல பெயின்ட் டப்பா வெச்சிருக்கேன்" என்றான் ஹாலிஸ்.

 யாரும் கொரினுக்கு எதையும் சொல்லவில்லை. ஆனாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

கடைக்குள் வந்து ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். ஹாலிஸ் அதை வாங்கினான், படிவத்தை எடுக்கவில்லை.

"உங்க அப்பா பேரு?"

"எமெட். எமெட் ஹ்ருஸ்கா. எதுக்கு? இதெல்லாம் படிவத்துல கேக்குறாங்களா?"

"படிவத்துல இல்ல. நான் கேக்கறேன்." அவன் வெர்னாவைப் பார்த்தான். "இவளுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள் வெர்னா.

"அப்போ நான் விக்க முடியாது. ஒரு தடவ ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்தேன். போதும்."

"எனக்கு என்ன தெரியணும்?" என்றாள் கொரின். 

வெர்னா கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். 

"உங்கப்பாவுக்கு நெஞ்சு வலியெல்லாம் வரல கொரின். இங்க வந்தான். தனியாத்தான் வந்தான். சுட்டுப் பழகன்னு ஒரு துப்பாக்கிய வாடகைக்குக் கேட்டான். வீட்டுக்குத் திரும்பி வரல. அவன் வண்டி இந்த வாசல்ல ஒம்பது நாள் நின்னுச்சு. நான்தான் வந்து எடுத்துட்டுப் போனேன்."



இதே கண்ணாடிப் பெட்டி முன்னால்தான் அப்பாவும் நின்றிருப்பார். இதே ஆள்தான் எடுத்துக் கொடுத்திருப்பான். கொஞ்சம் முன்னால் அந்தச் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று சிரித்தது கொரினுக்கு நினைவுக்கு வந்தது.

"இருவத்தஞ்சு வருஷம்" என்றாள். "இருவத்தஞ்சு வருஷமா உப்பில்லாம சாப்பிட்டேன் அத்தை! வருஷா வருஷம் நெஞ்சுல ஒயர ஒட்டிக்கிட்டுக் கிடந்தேன். என் பொண்ண ஓட விடாம உக்கார வெச்சேன். நீ பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தியே!"

"உனக்குப் பதினோரு வயசு. என்னன்னு சொல்வேன்?"

"எனக்கு எப்பவுமேவா பதினோரு வயசு?"

வெர்னா அழுதாள். சத்தமில்லாத, பழகிப்போன அழுகை. இத்தனை வருஷம் இவள் இப்படித்தான் எங்கேயோ ஒரு மூலையில் அழுதிருக்கிறாள் என்று கொரினுக்குத் தெரிந்தது. அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

"நாங்க யாருமே கவனிக்கல" என்றாள் வெர்னா. "நாள் பூரா தூங்குவான். மில்லுல ராத்திரி வேலை, அதனாலன்னு நெனச்சோம். அதுக்கு முந்தின வாரம் தூண்டில் கம்பு அத்தனையும் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சும்மா குடுத்துட்டு வந்தான். நான் கேலி பண்ணேன், திடீர்னு என்னடா இவ்வளவு தாராளம்னு..."



இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் நினைத்தது என்று சொல்ல முடியாது. கிளாரினெட்.

"வீட்டுல வேற யார் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான் ஹாலிஸ்.

"என் பொண்ணு" என்றாள் கொரின். "நல்லா..." இருக்கிறாள் என்று முடிக்க வாய் வரவில்லை. "அத்தை, நீ கிளம்பும்போது அவ என்ன பண்ணிட்டு இருந்தா?"

"தூங்கிட்டிருந்தா. எழுப்பல."

கொரின் போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தாள். ஓய்ந்தது. ஹாலிஸ் ரிவால்வரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவள் உரிமத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"இது இங்கயே இருக்கும். வேற யாருக்கும் விக்க மாட்டேன். நீங்க கேக்காம நானும் எடுக்க மாட்டேன். போங்க."

காரில் ஏறியதும் மூன்றாவது முறை அடித்தாள். எடுத்தாள் ஜூனி.

"என்னம்மா?" தூக்கக் குரல்.

கொரினுக்குச் சொல்ல வேண்டியது ஆயிரம் இருந்தது.  "வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரவா? சீஸ் மேக்கரோனி?" என்றாள்.

"ம்."

"போனை வெக்காத. அத்தை பேசணும்கறா."

வெர்னா பேசினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வானிலை, பூனை, பலகை அடித்த கதவு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் நாற்பது மைலுக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அவளுடைய கார் டயர்க் கடை வாசலிலேயே நின்றது. அதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. மேக்கரோனியும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. வெயில் இருந்தது. ஜூனியின் அறையில் மட்டும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. காதில் போனோடு போர்வைக்குள் கிடந்தவள், அம்மாவும் அத்தையும் சேர்ந்தாற்போல் வாசலில் நிற்பதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள்.

"வாங்கிட்டியா?" என்றாள்.

"வாங்கல."

"ஏன்?"

வரும் வழியெல்லாம் இதற்கு எத்தனையோ பதில்களைத் தயார் செய்திருந்தாள் கொரின். வீட்டுக்குள் வந்தவனை நினைத்து நான்கு நாளாகப் பயந்ததெல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, நேரடியாகச் சொன்னாள். உன் தாத்தா மாரடைப்பில் சாகவில்லை. தானே உயிரை விட்டார். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். உன் இதயத்துக்கு ஒன்றும் இல்லை, நீ ஓடலாம்.

ஜூனி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் கொரினைக் கலக்கியது.

"ஜூனி. நான் ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லாத. நான் திட்ட மாட்டேன், கத்த மாட்டேன். செத்துப் போயிடலாம்னு உனக்குத் தோணுதா?"

வாசலில் நின்ற வெர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கீழே சமையலறையில் பலகை படபடத்தது. இந்த முறை யாரும் திரும்பவில்லை.

ஜூனி போர்வையின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், திரும்பச் சுருட்டினாள்.

"இன்னிக்கு இல்லம்மா" என்றாள்.

 கத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் கொரின். கத்தவில்லை.

"சரி" என்றாள். "மத்த நாளப் பத்திச் சொல்லு. நான் எங்கயும் போகல."

ஜூனி சுவர்ப் பக்கமாக நகர்ந்து, அம்மா படுக்க இடம் விட்டாள்.